ஹெரால்டில் ஓவர்டிரைவ் ஏறிய கதை

எங்கள் டிரையம்ப் ஹெரால்டு 13/60, 1968-இல் வந்த வண்டி. அறுபது மைல் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,700 சுற்று சுற்றும். கவென்ட்ரியிலிருந்து லண்டன் போக எம்40-இல் ஏறிவிட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃப்ரன்ஷியலின் விகிதம் 4.11, மொத்தம் நான்கே கியர், சின்ன 13 அங்குலச் சக்கரம். வேறு எப்படி இருக்கும்? ஐம்பதில் உருட்டிக்கொண்டு போவதுதான் இத்தனை நாள் வழக்கம்.

இதற்கு மருந்து ஓவர்டிரைவ்: கியர்பாக்ஸின் பின்னால் மாட்டும் ஒரு பெட்டி, சுவிட்சைத் தட்டினால் அதே வேகத்தில் இன்ஜினின் சுற்றைக் குறைக்கும். ஹெரால்டுக்குத் தொழிற்சாலை அதைக் கொடுத்ததில்லை. அதன் உறவுக்கார வண்டிகளான விட்டெஸுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் கொடுத்தது. ஸ்பிட்ஃபயர் மார்க் 3-இல் இருப்பதும் என் வண்டியில் இருக்கும் அதே 1296 சிசி இன்ஜின்தான். அதனால் அந்த வண்டியின் கியர்பாக்ஸ், பின்னால் லேகாக் கம்பெனியின் டி-டைப் ஓவர்டிரைவோடு, இங்கே பொருந்தும். பலர் செய்திருக்கிறார்கள். பிப்ரவரியில் ஸ்டோன்லியில் நடக்கும் உதிரிபாகச் சந்தையில் ஒன்று கிடைத்தது.

தொடங்கும் முன்பே ஒரு முடிவு எடுத்தேன்: வண்டியில் எங்கும் வெட்டக் கூடாது, வெல்டிங் கூடாது. அப்பா நுங்கம்பாக்கத்தில் வைத்திருந்ததும் ஹெரால்டுதான், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவு. அந்த நான்கு கதவு வண்டி இந்தியாவில் மட்டுமே வந்தது. பின்சீட்டிலிருந்து அப்பா கியர் மாற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என்ன மாட்டினாலும் கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்க முடிய வேண்டும்.

இந்த வண்டியில் கியர்பாக்ஸை எடுக்க இன்ஜினை இறக்க வேண்டியதில்லை, காருக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம். முன் சீட்டுகள், டேஷ்போர்டைத் தாங்கும் பிராக்கெட், நடுவில் இருக்கும் அட்டை மூடி எல்லாவற்றையும் கழற்றினால் கியர்பாக்ஸ் மொத்தமும் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். இன்ஜினின் பின்பக்கத்துக்கு ஜாக்கும் பலகையும் முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸை இன்ஜினோடு பிணைக்கும் பெல்ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்றி, பின்னால் இழுத்து, இடதுபக்கக் கதவு வழியாக வெளியே தூக்கினோம். தூக்க வந்தது வவுனியாத் தம்பி ஒருவன். அவனும் பழைய வண்டிப் பிரியன்.

வாங்கிய ஓவர்டிரைவைப் பிரித்துக் கழுவிய பிறகு திரும்பச் சேர்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். ஓவர்டிரைவை வைஸில் செங்குத்தாக நிறுத்திவிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும் பல் வரிசைகள் (ஸ்ப்லைன்) இரண்டு தெரியும். ஒன்று சின்னக் கியர்களைத் தாங்கும் பிளானட் கேரியருடையது, அதற்குக் கீழே ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒருவழி கிளட்ச்சுடையது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் உள்ளே இறங்கும். நீளமான மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் கீழ் வரிசையை ஒவ்வொரு பல்லாக நகர்த்தி நேராக்கினேன். ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் மேடாக இருக்கும் கேம், எண்ணெய் பம்பின் பிளஞ்சரை (உள்ளே ஏறி இறங்கும் தண்டு) இடிக்காமல் இருக்க, அதன் தாழ்ந்த பக்கம் பம்பைப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் கியர்பாக்ஸை மேலிருந்து மெதுவாக இறக்கினோம். ஒரு அங்குலம் மிச்சமிருக்கும்போது நின்றுவிட்டது.

"அண்ணை, நட்டைப் போட்டு இழுத்துப் பாப்பமோ?" என்றான் தம்பி.

"வேண்டாம்டா, தூக்கிடலாம்."

அந்த இடத்தில் நட்டைப் போட்டு இறுக்கினால் உள்ளே ஏதாவது உடையும். இரண்டாவது முறையும் அப்படியே நின்றது. மூன்றாவது முறை முன் ஷாஃப்ட்டை விரலால் லேசாகத் திருப்பிக்கொண்டே இறக்கியபோது, மெல்ல 'டொக்' என்று ஒரு சத்தம். இடைவெளி அரை அங்குலமாகக் குறைந்து உட்கார்ந்தது. அந்த அரை அங்குலம் உள்ளிருக்கும் ஸ்பிரிங்குகளின் எதிர்ப்பு. அதற்காகத்தான் இரண்டு ஸ்டட்டை மட்டும் நீளமாக வைத்திருக்கிறார்கள். கால் சுற்று கால் சுற்றாக இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கினோம்.

பின்பக்கத் தாங்கிக்கு, சேஸிஸில் இருக்கும் பழைய துளைகளையே பிடித்துக்கொள்ளும்படி இரும்புத் தகட்டில் ஒரு பிராக்கெட் செய்தேன். கியர்பாக்ஸிலிருந்து டிஃப்ரன்ஷியலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் குட்டையாக வேண்டும். வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போது அளவெடுத்து, தனியாக வாங்கிய ஒரு பழைய ஷாஃப்ட்டை வெட்டி பேலன்ஸ் செய்து வாங்கினேன்.

வயரிங்கில் கவனம் வேண்டும். ஓவர்டிரைவின் லீவரை இழுக்கும் மின்காந்தமான சோலினாய்டு முதலில் நிறைய கரண்ட் இழுக்கும், லீவர் நகர்ந்ததும் கொஞ்சம் கரண்டிலேயே பிடித்துக்கொள்ளும். அதனால் ரிலே வைத்தேன். மூன்றாம், நான்காம் கியரில் மட்டும் வேலை செய்ய விடும் இன்ஹிபிட்டர் சுவிட்சை எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள். ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் ஒருவழி கிளட்ச் போய்விடும்.

முதல் ஓட்டத்தில் சுவிட்சைத் தட்டினால் 'க்ளிக்' கேட்டது, வேகத்தில் மாற்றமே இல்லை. எண்ணெய் அளவைப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்திருந்தது. ஓவர்டிரைவ் உள்ளே இழுத்துக்கொண்டதுதான், ஊற்றினேன். லீவர் சரியான இடத்துக்கு வருகிறதா என்று அதன் துளையில் 3/16 அங்குலக் கம்பியை நுழைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மிச்சம், எண்ணெய் அழுத்தத்தைத் திறந்துவிடும் ஆப்பரேட்டிங் வால்வு. இன்ஜினை நிறுத்திவிட்டு சுவிட்சைப் பத்துப் பன்னிரண்டு முறை போட்டு அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே மேலிருக்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். ஸ்பிரிங், பிளஞ்சர், ஒரு சின்னக் குண்டு, அதற்குக் கீழே வால்வு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அதன் பக்கவாட்டில் இருக்கும் நூல் கனத் துளை கறுப்புக் கசடால் அடைபட்டிருந்தது. மின்கம்பியிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்துக் குத்தி, பெட்ரோலில் கழுவி மாட்டினேன்.

மறுநாள் காலை எம்40. அறுபது மைல். சுவிட்சைத் தட்டினேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து லேசாகத் தள்ளியதுபோல ஒரு அசைவு, இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 3,700-இலிருந்து 3,000-க்கு இறங்கியது. "நின்னுடுச்சா?" என்று மனைவி கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

அட்டை மூடி சோலினாய்டில் உரசுகிறது, அந்த இடத்தை உள்ளிருந்து கொஞ்சம் உப்ப வைக்க வேண்டும். கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் சேரும் இடத்தில் எண்ணெய் கசிகிறது. ராத்திரி முழுக்க நிறுத்தினால் தரையில் இரண்டு சொட்டு. பழைய கியர்பாக்ஸையும் ஷாஃப்ட்டையும் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, ஷெட்டில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.