96 ஊர்களால் வந்த வழக்கு

காரைக்குடியில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கினேன். 2003ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்களே வளர்த்துவரும் அக்களஞ்சியத்தில், சம்பளமும் மேலதிகாரியும் இல்லாவிட்டாலும் மனத்தாங்கலுக்குக் குறைவில்லை என்பதை முதல் மாதத்திலேயே அறிந்துகொண்டேன்.

செட்டிநாட்டைப் பற்றிய ஒரு பத்தியில், சிறுவயது முதல் கேட்டுப் பழகிய எண்ணாகிய 96 ஊர்கள் என்பதை எழுதியிருந்தேன். மறுநாள் ஒரு பயனர் அதை எழுபத்துச் சொச்சமாக மாற்றியிருந்தார். நான் மீளமைத்தேன், அவரும் மீளமைத்தார். ஒரே பக்கத்தை 24 மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்னும் விதியை இருவரும் அறிந்திருந்ததால், மூன்றாவது முறையோடு நிறுத்தி, அடுத்த நாள் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். சண்டையிலும் அப்படியொரு ஒழுங்கு! "ஐயா, ஊர்ப்பெருமை வேறு, சான்று வேறு" என்று, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் அவர் எழுதியது இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

எதிரில் இருப்பவர் நல்லெண்ணத்துடன்தான் தொகுக்கிறார் என்று கொள்ள வேண்டும் என்பது அங்கு அடிப்படை நெறி. நானும் அதைக் கடைப்பிடிப்பதாகவே நம்பியிருந்தேன். உண்மையில், 'கெட்டவர் இல்லை, விவரம் தெரியாதவர்' என்பதுதான் என் கணிப்பு; அது என் ஒவ்வொரு பதிலிலும் கசிந்திருக்க வேண்டும். நல்லெண்ணம் உண்டு என்று ஒப்புக்கொள்வது ஒருவரைப் பற்றி நாம் வைக்கக்கூடிய மிகக் குறைந்த எதிர்பார்ப்பு என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

கல்யாண வீட்டில் உப்பில்லை, உறைப்பில்லை என்று குறை சொல்லும் பங்காளியிடம், "அடுத்த பந்தியை நீ நின்னு பாத்துக்கப்பா, உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று என் அப்பத்தா சொல்வார். அது நினைவுக்கு வந்தது. ஆனால் அப்பத்தாவுக்கு அந்தப் பங்காளியைத் தெரியும். எனக்கு இவரைத் தெரியாது. ஆகவே அவருடைய பங்களிப்புகளை முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். கோயில்களைப் பற்றி அவர் எழுதியிருந்த கட்டுரைகளில் பக்க எண் இல்லாத அடிக்குறிப்பு ஒன்றுகூட இல்லை. சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றிரவே எழுதினேன்: "சான்றில் உங்களுக்குள்ள கண்டிப்பு எனக்கில்லை. இப்பகுதி முழுவதையும், என் வரிகளையும் சேர்த்து, நீங்கள் சரிபார்த்துத் தர வேண்டும். இங்கு கிடைக்கும் நூல்களைத் தேடிப் பக்கங்களை நான் அனுப்புகிறேன்." மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் வந்தவர், தாம் எழுதிய எண்ணையே முதலில் ஐயத்திற்குரியது என்று குறித்திருந்தார். நூலுக்கு நூல் அந்த எண் மாறுகிறதாம். முடிவில், 96 என்பது மரபுவழி வழக்கு என்றும், இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் எண்ணப்படுகின்றன என்றும் இருவரும் சேர்ந்து எழுதினோம். கூடவே என் 'உலகப் புகழ்பெற்ற' என்னும் அடைமொழிகள் நான்கையும் நீக்கிவிட்டார். கேட்டது நான், பொறுத்துக்கொண்டேன்.

இதே வழி இன்னொரு முறை தவறிப்போனது. புதிதாக வந்த ஒரு கல்லூரி மாணவியிடம், அவர் எழுதிய ஒரு வரியைக்கூடப் படிக்காமல், செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களைப் பற்றியும் எழுதுமாறு முதல் நாளே கேட்டேன். அது நம்பிக்கையாக அல்ல, சுமையாகவே அவருக்குப் பட்டிருக்கும். பின்பு அவற்றுள் ஒன்றான இரணியூர்க் கோயிலை மட்டும் எழுதினால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் திரும்பி வரவில்லை.

பழைய எதிராளியோ வாரம் ஒருமுறையாவது வந்துவிடுகிறார். ஆத்தங்குடித் தரைக்கல் சூளையில் சுடப்படுவதில்லை, கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றிச் செய்யப்படுகிறது என்னும் என் வரிக்குக் கீழே, "சான்று, ஐயா?" என்று நேற்று கேட்டிருக்கிறார். இன்று மாலை நூலகம் போக வேண்டும்.