இரண்டு வயதில் மூடிய நோட்டு

என் மகள் 29ஆவது வாரத்தில், 1,150 கிராம் எடையில் பிறந்தாள். 32 வாரம் நிறையும் முன் பிறக்கும் குழந்தைகளை மருத்துவர்கள் தனி வகையாகவே பார்க்கிறார்கள். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஆறு மாதம் ஆனதிலிருந்து எதிர்வீட்டு அக்கா, "இன்னும் குப்புற விழலையாம்மா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். முழுக் கர்ப்பகாலமான 40 வாரத்துக்கு முன்கூட்டிப் பிறந்த 11 வாரத்தைக் கழித்தால் அவளுக்கு அப்போது மூன்றரை மாதம்தான். இந்தத் திருத்திய வயதை வைத்தே இரண்டு வயது வரை வளர்ச்சியை அளக்க வேண்டும் என்பது எனக்கே மெல்லத்தான் பிடிபட்டது.

அவள் வளர்ச்சிக்கு உதவும் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை ஷேர் ஆட்டோவில் போவோம். அந்த அரை மணி நேரத்தில் பயிற்சி பெற்றது உண்மையில் நான்தான். துண்டைச் சுருட்டி மார்புக்கு அடியில் கொடுத்துக் குப்புறப் படுக்கவைத்து, ஒரு சாண் தள்ளி என் முகத்தை வைத்துப் பேச வேண்டும். தலையை அவளாகத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவள் விரல்களை விரித்துக்கொண்டு கண்ணை வேறு பக்கம் திருப்பினால், போதும் என்று பொருள். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். எதையும் விடாப்பிடியாகச் செய்யும் எனக்கு இந்த நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது.

இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய 25 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, அறிவு வளர்ச்சியில் கிடைக்கும் பலன் மழலைப் பருவத்திலும் பள்ளிக்கு முந்தைய வயதிலும் தெரிகிறது. பள்ளி வயதில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. அப்படியானால் எல்லாம் வீண்தானே என்று என் கணவர் கேட்டார். நான் அதை அப்படிப் படிக்கவில்லை. பயிற்சி பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளோடு முடிந்துவிடுகிறது. பள்ளியோ குழந்தையிடம் கேட்பதை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போகிறது.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. அவளைப் பார்த்துவந்த மருத்துவமனையில் இரண்டு வயது முடிந்ததும், "நன்றாக நடக்கிறாள், பேசுகிறாள், இனி வர வேண்டாம்" என்று அவள் வளர்ச்சியைக் குறித்துவந்த நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கதை சொல்லச் சொன்னால் வாய் ஓயாது. ஆனால் கரும்பலகையில் உள்ளதில் பாதியை எழுதுவதற்குள் டீச்சர் அழித்துவிடுகிறார். 52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், கடன் வாங்காமல், ஒன்றாம் இடத்தில் 7இலிருந்து 2ஐக் கழித்து 45 என்கிறாள். கணக்கிலும் கவனத்திலும் கண்ணும் கையும் இணைந்து செய்யும் வேலைகளிலும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைகள் பின்தங்கக்கூடும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. டைரியிலோ 'சோம்பல்' என்று எழுதி வந்தது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் 18 வயது வரைக்குமானது என்பதும், அதன் கீழ் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் கைக்குழந்தைகளுக்கு மட்டுமானவை அல்ல என்பதும் இந்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது. பிறந்த வாரத்தைச் சொன்னதும் டீச்சர் அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார். பழைய நோட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளி விடுப்பு.