வாவிக்கு ஒரு மாரி வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவுக்கு ஒரு கோப்பு வந்தது. மட்டக்களப்பு வாவியில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஓடும் ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்குப் பதிலாகப் பற்றரியில் ஓடும் சூரியசக்திப் படகு விடலாமா என்பது கேள்வி. முதற்பக்கத்திலேயே ‘தயார்நிலை 9’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதைச் சொல்லும், 1 முதல் 9 வரையான அந்த அளவுகோல் நாசா விண்கருவிகளுக்காக வகுத்தது. 9 என்றால் உண்மையான பணியிலேயே ஓடித் தேறியது என்று பொருள். அனுப்பியவர்கள் பொய் சொல்லவில்லை. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேரை ஏற்றும் ‘ஆதித்யா’ 2017 முதல் ஓடுகிறது; அதுவும் காயல் நீர்தான். ஆனால் அதில் ஏறுவது ஆட்கள். நம் பாதையில் மோட்டார் சைக்கிளும் நெல் மூட்டையும் ஏறும்.

கோப்பை மூடிவைத்துத் துறைக்குப் போனேன். மார்கழி மாதம், மூன்று நாளாக வெயிலில்லை, வாடை வீசியது, ஆற்றுவாழை கரையில் திட்டுத்திட்டாக ஒதுங்கிக் கிடந்தது. பாதை ஓட்டும் பெரியவரிடம் படகின் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, வெள்ளம் ஏறினால் இந்தத் துறையே தண்ணீருக்குள் போய்விடும். அப்போது எங்கே மின்னேற்றுவீர்கள்?”

கோப்பின் நூற்றுச் சொச்சம் பக்கங்களில் அந்தக் கேள்வி இல்லை. எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

திரும்பி வந்து படகைப் பகுதி பகுதியாகப் பிரித்து மதிப்பிட்டேன். மோட்டாருக்கு 8 தயங்காமல் கொடுக்கலாம். முழுச் சுமையோடு எதிர்க்காற்றில் பற்றரி எத்தனை நடை தாங்கும் என்பதற்கு எவரிடமும் அளவீடு இல்லை. ஆகவே 5 முதல் 7 வரை. மின்னேற்றும் இடத்துக்கு 4. மிகப் பலவீனமான உறுப்பைவிட முழுப் படகு தயாராக இருக்க முடியாது என்றே இன்றும் நம்புகிறேன். சராசரி எடுக்கச் சொன்னார்கள்; மறுத்தேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து பிரசவ வலியோடு துறைக்கு வருகிறவளைச் சராசரி அக்கரை சேர்க்காது.

படிவத்தில் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. 4 என்று எழுதினேன். அது உயர என்ன நடக்க வேண்டும் என்பதைத் தனித்தாளில் இணைத்தேன்: மின்னேற்றும் மேடை வெள்ளமட்டத்துக்கு மேலே வரவேண்டும், ஐப்பசி முதல் தை வரை முழுச் சுமையோடு ஓடி, ஒவ்வொரு நடைக்கும் எஞ்சிய மின்னளவைக் குறிக்க வேண்டும், அந்த மாரி கழியும்வரை பழைய டீசல் பாதையை ஓடும் நிலையில் துறையிலேயே கட்டிவைக்க வேண்டும்.