நாளுக்கு 6 பென்ஸ்

சம்பளப் பிரிவிலேயே இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். அதனாலோ என்னவோ, சரித்திரம் படித்தாலும் கண் முதலில் பட்டுவாடாவைத்தான் தேடுகிறது. இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி 1415-இல் பிரான்சுக்குக் கொண்டுபோன படையைப் பற்றிப் படித்தபோதும் அப்படித்தான்.

வில்லாளிக்கு நாளுக்கு 6 பென்ஸ். கவச வீரனுக்கு 12. ஊரில் நல்ல தச்சனுக்குக் கிடைத்த கூலிக்கு 6 பென்ஸ் ஒன்றும் குறைச்சல் இல்லை. 'இத்தனை ஆள் கொண்டுவருகிறேன்' என்று பிரபுக்களும் தலைவர்களும் ராஜாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஒரே தோலில் அதை இரண்டு முறை எழுதி, நடுவே வளைத்து நெளித்து வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பைவிட நம்பகமான ஏற்பாடு!

மஸ்டர் ரோலும் உண்டு. பெயர் பெயராக ஆளை எண்ணிய அந்தச் சுருள்கள் பல இன்றும் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சரி, பணம் வந்ததா? முதல் மூன்று மாதத்துக்கு அட்வான்ஸ் வந்தது. அடுத்த மூன்று மாதத்துக்குக் கஜானாவில் காசில்லை. ராஜா தன் நகைகளையே தலைவர்களிடம் அடகு வைத்தார். 1422-இல் அவர் இறந்த பிறகும் சிலர் பாக்கிக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒருமுறை மூன்று மாதச் சம்பளம் நின்றது. அடகுக்குக்கூட யாரும் எதுவும் தரவில்லை.

பிரான்சின் துறைமுக ஊரான ஆர்ஃப்ளரை முற்றுகையிட்டபோது எதிரியைவிட வயிற்றுக்கடுப்புதான் படையை அதிகம் வாட்டியது. நோயாளிகளை ஊருக்கு அனுப்பிய பட்டியலும் இருக்கிறது. மெடிக்கல் லீவ் ரிஜிஸ்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்துக்கு மேலே ஆசை காட்டியது கைதிகள்தான். பணக்காரப் பிரபு ஒருவர் சிக்கினால் மீட்புப் பணம் கிடைக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு தலைவனுக்கு. அந்தப் பங்கிலும் மூன்றில் ஒன்று ராஜாவுக்கு. மிச்சம் பிடித்தவனுக்கு. அக்டோபர் 25 அன்று பிரெஞ்சுப் படையோடு அஜின்கோர்ட்டில் நடந்த போரில் கைதிகள் குவிந்தார்கள். எதிரி மறுபடி தாக்குவான் என்று பயந்த ராஜா, அவர்களைக் கொல்லச் சொன்னார். பிடித்தவர்கள் தயங்கினார்கள். இரக்கமா, போகப்போகும் காசா? இரண்டும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் 200 வில்லாளிகளிடம் அந்த வேலையை ஒப்படைத்ததாக அந்தக் கால எழுத்தாளர்கள் குறித்திருக்கிறார்கள்.

அன்றைக்கும் அவர்களுக்குச் சம்பளம் 6 பென்ஸ்தான்.