ஏஸ் ஜோடி கையில் இருந்தும் நூறு புளியங்கொட்டை போச்சு

போன ஞாயிறு ராத்திரி என் நூறு புளியங்கொட்டையும் ஒரே கையில் மச்சானிடம் போய்விட்டது. பாட் லிமிட் ஒமாஹா (கையில் வரும் நாலு சீட்டில் இரண்டையும், மேசையில் பொதுவாகத் திறக்கிற ஐந்தில் மூன்றையும் சேர்த்து ஆடுகிற போக்கர்; பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயம், எவ்வளவோ அவ்வளவுதான் ஏற்றலாம்) பழக ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. எந்தக் கையோடு உள்ளே போவது என்பது அந்த ஒரு ஆட்டத்தில்தான் எனக்கு உறைத்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வந்த சீட்டு: ஸ்பேட் ஏஸ், ஹார்ட்டின் ஏஸ், டைமண்ட் 9, கிளாவர் 4. மூன்று பேர் ஆட்டம், பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைப்பது) 1-2. டீலர் இடத்திலிருந்து முழு பாட் ஏற்றி 7 வைத்தேன். தம்பி மடக்கிவிட்டான், மச்சான் கூட வந்தார். பாட்டில் 15. ஃப்ளாப்பில், அதாவது முதலில் திறக்கிற மூன்று பொதுச் சீட்டில், 9, 8, 2. மூன்றும் வேறு வேறு சூட் (இனம்). மச்சான் பந்தயம் வைக்காமல் செக் சொல்ல, நான் 15 வைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை. பாட் என்று சொல்லி 60 ஆக்கினார். ஏஸ் ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு மடக்க மனசு வருமா? மிச்சம் இருந்த 78ஐயும் தள்ளினேன்.

"மாப்ள, சீட்டைத் திறந்து வச்சே பாத்துருவோம்" என்று ஜாக்கி, 10, 7, 6 விரித்தார். நாலாவது சீட்டான டர்னில் ராணி. கடைசிச் சீட்டான ரிவரில் ஏதோ 3. மொத்தம் 201 கொட்டை.

மறுநாள் அதே ஃப்ளாப்பை மேசையில் பரப்பி எண்ணினேன். ராணி நாலு, 5 நாலு, ஜாக்கி, 10, 7, 6 மும்மூன்று. அவருக்கு ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) கொடுக்கிற சீட்டு 20! வெளியே தெரியாத சீட்டு மொத்தமே 41. டர்ன், ரிவர் இரண்டும் அவரைக் கைவிட வாய்ப்பு நாலில் ஒன்றுதான். அந்த 20லும் ராணி, 7, 6, 5 ஆகிய 14 சீட்டு நட்ஸ், அதாவது அந்த நேரத்தில் யாராலும் அடிக்க முடியாத ஸ்ட்ரெய்ட். ஜாக்கியோ 10ஓ விழுந்தால் மட்டும்தான் அதைவிடப் பெரிய ஸ்ட்ரெய்ட் வேறொருவரிடம் இருக்க இடம் உண்டு. ஜோடி ஏஸோடு முன்னால் இருப்பதாக நினைத்து நான் பாட் வைத்த நேரத்தில், உண்மையில் பின்னால் இருந்தது நான்தான்.

சரி, ஃப்ளாப்புக்கு முன்னாலாவது நான் தூரத்தில் முன்னால் இருந்தேனா? அந்த இரண்டு கையையும் அப்படியே வைத்து, மிச்சச் சீட்டைக் கலைத்துக் கலைத்து 40 முறை ஐந்து சீட்டு திறந்தேன். 21 எனக்கு, 19 அவருக்கு. கையில் இரண்டே சீட்டு வருகிற ஹோல்டெமில் ஏஸ் ஜோடி ராஜா ஜோடியை ஐந்தில் நாலு முறை அடிக்கும். அந்த நினைப்பை இங்கே கொண்டுவந்ததுதான் தப்பு. 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் டர்னர் இந்த ஆட்டத்தை லாஸ் வேகாஸ் கோல்டன் நகெட்டில் பில் பாய்டிடம் கொண்டுபோனபோது அங்கே இதற்கு வைத்த பெயரே 'நகெட் ஹோல்டெம்'. பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி ஆட்டம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஹோல்டெமில் 169 வகைக் கைகள், இங்கே 16,432. பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணவே முடியாது. பார்க்கிற கண்தான் மாறணும்.

அதற்கு நான் இப்போது பிடித்திருக்கிற வழி: நாலு சீட்டை நாலாகப் பார்ப்பதில்லை, ஆறு ஜோடியாகப் பார்க்கிறேன். ஜாக்கி, 10, 9, 8 வந்தால் ஆறு ஜோடியும் வேலை செய்யும். ராஜா, ராணி, ஜாக்கி, 4 வந்தால் 4 சேர்கிற மூன்று ஜோடியும் சும்மா, பாதிக் கைதான் மிஞ்சும். அந்த 4தான் டேங்க்ளர். கடைசி மூன்று வாரம் முழுக்க இந்த டேங்க்ளரோடுதான் மல்லுக்கட்டு. முதல் மூன்று சீட்டு அழகாக வந்துவிட்டால் கண் நாலாவதைப் பார்க்கவே மறுக்கிறது! அதனால் இப்போது சீட்டை எடுத்ததும் ஒட்டாத சீட்டை முதலில் தேடி, கட்டைவிரலால் இடது ஓரத்துக்குத் தள்ளுகிறேன். அப்புறம்தான் மற்ற மூன்றையும் பார்ப்பது. என் அந்த ஏஸ் கையில் தள்ள வேண்டியது ஒன்றல்ல, 9, 4 இரண்டுமே. சூட்டும் சேரவில்லை. ஆறில் ஒரே ஒரு ஜோடிதான் உயிரோடு இருந்தது.

சூட்டில் கவனித்தது ஒன்று. ஹார்ட்டின் மூன்று கையில் வந்தால் முன்பெல்லாம் சந்தோஷப்படுவேன். இரண்டைத்தான் ஆட முடியும், மூன்றாவது என் ஃப்ளஷ் (ஒரே சூட்டில் ஐந்து) சீட்டில் ஒன்றை நானே தின்றுவிடுகிறது. 11 மிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் 10. டபுள் சூட் (இரண்டு சூட்டில் இரண்டிரண்டு) வந்தால்தான் இப்போது முகம் மலர்கிறது, அதிலும் ஒன்று ஏஸோடு சேர்ந்திருக்கணும்.

சீட்டுக்கட்டு பற்றி: காகிதச் சீட்டு இந்தப் பயிற்சிக்கு ஆகவே ஆகாது. ஒரு நாளைக்கு நூறு கை போட்டால் இரண்டு வாரத்தில் மூலை மடிந்து ஏஸ் எது என்று பின்பக்கமே சொல்லிவிடும். முழு பிளாஸ்டிக்கில் நாலு நிறக் கட்டு வாங்கினேன். டைமண்ட் நீலம், கிளாவர் பச்சை. டபுள் சூட்டா இல்லையா என்று ஒரு பார்வையில் தெரிகிறது. ஆன்லைனில் வாங்கியது, முதல் தடவை சாதா இரண்டு நிறக் கட்டை அனுப்பிவிட்டார்கள். திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்குள் பத்து நாள் வீண். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் தடுத்துவிட்டதால் எங்களுக்கு மேசையும் புளியங்கொட்டையும்தான். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, ஒவ்வொரு கையையும் நிறுத்திப் பேச முடிகிறது.

மச்சான் அதற்குள் ஐந்து சீட்டு ஒமாஹாவுக்கு வரச் சொல்கிறார். அதில் பத்து ஜோடி பார்க்கணும். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ராஜா ஜோடிக் கைகளை நான் இன்னும் தொடவே இல்லை. நோட்டில் அதற்கு நாலு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். இந்த வாரம் ராஜா, ராஜா, 7, 2 மாதிரி கைகளைத் தனியே போட்டு எண்ணிவிட்டு, அடுத்த ஞாயிறு மேசைக்குப் போகிறேன்.