பாட்டை நிறுத்தியது யார்?

போனில் பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது என்று பாட்டுச் செயலிக்காரர்களுக்கு எழுதியிருந்தேன். வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்த பதில் எதிர்பார்த்ததுதான்: செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். என்ன நோய் என்று கேட்காமலே எல்லாருக்கும் ஒரே மாத்திரை. நீக்கினால் பதிவிறக்கி வைத்த பாட்டெல்லாம் அதோடு போய்விடும் என்பதையாவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

பெங்களூரு அல்சூரில் மெட்ரோ ஏறிப் பாட்டைப் போட்டுவிட்டுப் போனைப் பையில் வைப்பேன். சிறிது நேரத்தில் பாட்டு நின்றுவிடும். கப்பன் பார்க்கில் ரயில் சுரங்கத்துக்குள் போய்விடுவதால் சிக்னல்தான் காரணம் என்றார்கள் அலுவலகத்தில். அதற்கு முன்பே வரும் டிரினிட்டி நிலையம் உயரப் பாலத்தில்தானே இருக்கிறது, அங்கேயே நிற்கிறதே?

இணையத்தை அடியோடு துண்டித்துப் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தேன். பதிவிறக்கிய பாட்டு ஒன்றைப் போட்டு, ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, புளூடூத்தை மட்டும் மறுபடி இயக்கித் திரையை அணைத்தேன். நின்றது. திரையை அணைக்காமல் விட்டேன்; முழுப் பாட்டும் ஓடியது. சிக்னலே வேண்டாத பாட்டும் நிற்கிறதென்றால் கோளாறு போனுக்குள்தான். பேட்டரியை மிச்சப்படுத்த, பயன்படுத்தாத நேரத்தில் செயலிகளை அடக்கிவைக்கும் ஏற்பாடு 2015இல் ஆண்ட்ராய்டு 6உடன் வந்தது. சில தயாரிப்பாளர்கள் அதற்கு மேலும் கெடுபிடி செய்து, பாடிக்கொண்டிருக்கும் செயலியையே மூடிவிடுகிறார்கள். பாட்டு கேட்கத்தானே போன், அதைக்கூட அனுமதி வாங்கிக் கேட்க வேண்டியிருக்கிறது. அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்கியதும் சரியானது.

பிறகு காலை நேரத்தில் மட்டும் நிற்கத் தொடங்கியது. இது வேறு மாதிரி. செயலி மூடவில்லை, பாட்டு நின்று, வேறொரு கருவியின் பெயர் திரையில் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கூடத்து ஸ்பீக்கர்! அம்மா பக்திப் பாடல் கேட்பதும் என் கணக்கில்தான். அந்தச் சந்தாவில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பாடும். ரயிலில் நான் மறுபடி தட்டியபோதெல்லாம் அங்கே முருகன் பாதியில் நின்றிருக்கிறார். “கரண்ட் சரியில்லை போலிருக்கிறது” என்று அம்மா எலெக்ட்ரீஷியனை வேறு வரச் சொல்லியிருந்தார்.

குடும்பச் சந்தாவுக்கு மாறி அம்மாவுக்குத் தனிக் கணக்கு தொடங்கினேன். இதே நிலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்பீக்கரில் பழைய கணக்கின் இணைப்பை முதலில் துண்டித்துவிட்டுத்தான் புதியதைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சந்தா மாறினாலும் அது பழைய கணக்கிலேயே பாடிக்கொண்டிருக்கும்.