எடை குறைந்த சிட்-ஆன்-டாப் கயாக்: தேடலும் தேர்வும்

எனக்கு வேண்டிய கயாக்கில், அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகில், மூன்று குணங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். தனியாளாக அதைக் கார் கூரையில் ஏற்ற முடிய வேண்டும். துடுப்பு போட்டால் அலைக்கழியாமல் நேராக ஓட வேண்டும். கவிழ்ந்துவிட்டால் ஆழத் தண்ணீரிலேயே திரும்ப ஏறி உட்கார முடிய வேண்டும். தனியாகப் போகிற எனக்கு இந்த மூன்றாவது உயிர்ப் பிரச்சினை. உள்ளே உட்காரும் கயாக்கில் தண்ணீர் புகுந்தால் இறைத்து முடிக்கும்வரை அது தொட்டிதான். சிட்-ஆன்-டாப் என்பது உள்ளே அல்லாமல் மேலே உட்கார்ந்து ஓட்டும், உடல் முழுக்க மூடிய படகு. உட்காரும் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் படகை மேலிருந்து கீழாக ஊடுருவும் ஸ்கப்பர் துளைகள் வழியே தானாக வடிந்துவிடும். அதனால் இந்த வகைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எந்தப் படகு என்பதில்தான் நிறைய வேலை இருந்தது.

முதலில் எடை. சிட்-ஆன்-டாப்பில் ஒவ்வொரு கிலோவும் கொஞ்சம் கூடுதலாகவே கனக்கும். உள்ளே உட்காரும் கயாக்கில் உட்காரும் குழியின் விளிம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். இதில் அப்படி மாட்ட விளிம்பே கிடையாது. பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்து இடுப்போடு அணைத்துத்தான் தூக்க வேண்டும், அகலமும் சேர்ந்து உடம்பை ஒரு பக்கமாகச் சாய்க்கும். அதனால் மற்ற வகைக்கு எழுதப்பட்ட எடை அறிவுரையை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் அளவைக் கண்டுபிடிக்க ஓர் ஏணியில் மணல் மூட்டைகளைக் கட்டித் தூக்கிப் பார்த்தேன். அதையும் காலையில் செய்யவில்லை. வாடகைப் படகில் நன்றாகத் துடுப்பு போட்டு, கை சோர்ந்து வீடு திரும்பிய மாலையில் செய்தேன். படகைத் திரும்ப ஏற்றப்போவது அந்தக் கைதானே. 22 கிலோ வரை நிம்மதியாகத் தூக்க முடிந்தது, 27 கிலோவில் முதுகு வளைந்தது. சரி, 22தான் எல்லை என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

விவரத் தாளில் இருக்கும் எடையை அப்படியே நம்பக் கூடாது. சிலர் வெறும் படகின் எடையைப் போடுகிறார்கள், சிலர் இருக்கையையும் சேர்க்கிறார்கள். குழாய்ச் சட்டம் வைத்த இருக்கை மட்டுமே சில கிலோ வரும். நான் ஒரு தொங்கு தராசைக் கையோடு கொண்டுபோனேன். ஒரு முனையைத் தரையில் வைத்து மறுமுனையைத் தராசில் சற்றே தூக்கு, அப்புறம் முனையை மாற்று. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய முழு எடை வந்துவிடும்.

அடுத்தது, அந்த எடைக்குள் நன்றாக ஓடும் படகு எது? என் தேடலில் மிக முக்கியமான இடம் இதுதான். எடையைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. படகை நீளம் குறைத்துச் செய்வது ஒன்று, அதே நீளத்தில் பொருளை மாற்றுவது இன்னொன்று. கையில் தூக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தண்ணீரில் இறங்கினால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

நீரைத் தொடும் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் படகின் வேக வரம்பு நாட் கணக்கில் கிடைக்கும். 9 அடிக்கு 4 நாட், அதாவது மணிக்கு 7.4 கிலோமீட்டர். 12 அடிக்குச் சுமார் 8.6. 14 அடிக்குச் சுமார் 9.3. நிதானமாகப் போகும்போது நாம் 5, 6 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறோம், அப்படியென்றால் 9 அடியே போதாதா என்று தோன்றும். போதாது. வரம்பை நெருங்க நெருங்க படகு எழுப்பும் அலையே அதைப் பிடித்து இழுக்கிறது, அந்த இழுப்பு வரம்புக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. குட்டைப் படகுகள் பெரும்பாலும் அகலமாகவும் இருப்பதால் உழைப்பு இன்னும் கூடும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்முனை எதிர்ப்பக்கம் திரும்பும், அதைச் சரிசெய்வதிலேயே பாதி பலம் போய்விடும்.

இந்த வகைப் படகுகள் அகலமானதற்கு ஒரு காரணம் உண்டு. நவீன சிட்-ஆன்-டாப்பின் தொடக்கம் 1970களில், கலிஃபோர்னியாவின் மாலிபுக் கடற்கரையில். டிம் நீமையர் என்பவர் பழைய சர்ஃப்போர்டைக் குடைந்து, முக்குளிப்புக்கான சிலிண்டரை வைக்க இடம் செய்தார். இறங்கி ஏறுவதற்கான படகு என்றால் அகலம் வேண்டும்தான். ஆனால் ஓட்டத்தையே விரும்பும் எனக்கு 75 செ.மீ. அகலத்தைத் தாண்டினால் மனம் ஒப்பவில்லை.

ஆக நீளத்தை 12 அடிக்குக் கீழே இறக்குவதில்லை, பொருளில்தான் எடையைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். சந்தையில் அதிகம் கிடைப்பவை ரோட்டோமோல்டு பாலிஎத்திலீன் படகுகள். சூடான அச்சைச் சுழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தூளை உருக்கிச் செய்பவை. பாறையில் இடித்தாலும் தாங்கும், ஆனால் கனம். வில்டர்னஸ் சிஸ்டம்ஸின் டார்பன் 120 அருமையாக ஓடியது, அந்த 12 அடிப் படகு 30 கிலோவை ஒட்டி வருகிறது. தெர்மோஃபார்ம் முறையில் ஏபிஎஸ் என்னும் கடினப் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சி வடிவமைத்து, மேலையும் கீழையும் ஒட்டுகிறார்கள். மேலே வெயிலைத் தாங்கும் அக்ரிலிக் படலம் இருக்கும். எட்டிலைன் கரீபியன் 12 இந்த ரகம். 12 அடி நீளம், சுமார் 74 செ.மீ. அகலம், எடை 20 கிலோ அளவில்.

இடையில் வேறு சிலவற்றையும் பார்த்தேன். காற்றடைக்கும் படகு, அதுவும் மேல், கீழ் துணிகளை உள்ளே நூல்களால் பிணைத்த டிராப்-ஸ்டிட்ச் தளம் வைத்தது, எதிர்பார்த்ததைவிட விறைப்பாக இருந்தது. ஆனால் தண்ணீருக்கு மேலேயே மிதப்பதால் பக்கக்காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகிறது, மடித்து வைக்குமுன் முழுக்கக் காயவும் வைக்க வேண்டும். மாடிப்படி ஏறி வீட்டுக்குப் போகிறவருக்கு இதுதான் சரியான தேர்வாக இருக்கலாம். பாயிண்ட் 65 நிறுவனத்தின் டெக்கிலா போன்ற, பிரித்துச் சேர்க்கும் துண்டுப் படகுகள் மொத்தத்தில் இலேசானவை அல்ல, ஒவ்வொரு துண்டாகத் தூக்கலாம் என்பதே அவற்றின் வசதி. சர்ஃப்ஸ்கி என்னும் நீண்ட, வேகமான கடல் படகின் பக்கமும் மனம் போனது. எபிக் வி7 17 அடி, ஒடுக்கம், வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. என் கூரைக்கு அந்த நீளம் அதிகம், அலையில் நிம்மதியாக உட்கார எனக்கு இன்னும் பயிற்சி வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது எல்லாப் படகிலும் ஒரே சோதனைகளைத்தான் செய்தேன். வேகம் பிடித்ததும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு எவ்வளவு தூரம் வழுக்குகிறது, முன்முனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தேன். காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனேன். கடைசியில் வேண்டுமென்றே கவிழ்த்து, காலை உதைத்து வயிற்றால் ஏறி, திரும்பி, உட்கார்ந்தேன். இதைச் செய்து பார்க்காமல் யாரும் சிட்-ஆன்-டாப் வாங்க வேண்டாம்.

12 அடி தெர்மோஃபார்ம் படகையே வாங்கினேன். சோர்ந்த மாலையிலும் தனியாக ஏற்றிவிடுகிறேன். கார் கூரையின் பின்பக்கக் கம்பியில் பாய் விரித்து, அதில் முன்முனையைச் சாத்தி, பின்முனையைத் தூக்கித் தள்ளினால் போதும், ஒரு நேரத்தில் ஏறக்குறைய பாதி எடைதான் கையில். கட்டுவதற்கு, கையால் இழுத்து இறுக்கும் கேம் பட்டைகள். நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை வேண்டாம், அளவு தெரியாமல் இறுகிப் படகை நசுக்கிவிடும். முன்னும் பின்னும் தனிக் கயிறு உண்டு.

இலேசுக்கு நான் கொடுக்கும் விலை, கரையில் காட்ட வேண்டிய கவனம். கல்லில் இழுப்பதில்லை, முழங்கால் தண்ணீரிலேயே இறங்கிவிடுகிறேன். படகைக் கரையில் உருட்டிச் செல்லும் சிறு வண்டியும் ஸ்கப்பர் துளையில் செருகும் வகை வேண்டாம் என்று, அடியில் பட்டையால் கட்டும் வகையை எடுத்தேன். துளையைச் சுற்றியுள்ள இடம் படகின் பலவீனமான பகுதி.

துடுப்பையும் மாற்றினேன். இந்த அகலத்துக்கு 230 செ.மீ. எனக்குப் பொருந்துகிறது. அலுமினியத் தண்டை விட்டு கார்பனுக்கு வந்தபின் தோள் வலி குறைந்தது. படகில் குறைத்த கிலோக்களைத் தூக்கும்போது மட்டுமே உணர்கிறேன், துடுப்பில் குறைத்த கிராம்களை ஒவ்வொரு வீச்சிலும் உணர்கிறேன்.

பின்பக்கக் காற்றில் மட்டும் முன்முனை இன்னும் கொஞ்சம் அலைகிறது. சுமையைப் பின்னால் தள்ளி வைத்தால் குறைகிறது. அடுத்ததாகத் தொடைப் பட்டைகளை மாட்டி, படகைச் சாய்த்துத் திருப்பிப் பழகப் போகிறேன். அதற்குப் பிறகும் அலைந்தால் ரடர் (சுக்கான்) பொருத்துவதைப் பற்றி யோசிப்பேன்.